பழைய ரிவால்வரைக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பலாமா?

(டர்பன் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதியது. தேதியோடு இருப்பது எழுதியவரின் ஊர்.)

மார்ச் 4, சாட்ஸ்வொர்த்

ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 10-5, 4 அங்குல பேரல், .38 ஸ்பெஷல். ஹேமரை மெல்ல இழுத்தால் இரண்டு அறைகளில் சிலிண்டர் பூட்டாமல் நிற்கிறது. விரலால் ஒரு தட்டு தட்டினால்தான் 'டக்' என்று விழுகிறது. அமெரிக்காக்காரர்கள் கம்பெனிக்கு ஒரு போன் போட்டு, லேபிள் வாங்கி, பெட்டியில் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில், டர்பனிலிருந்து அதே மாதிரி அனுப்ப என்ன வழி?

மார்ச் 4, இரவு, மாரிட்ஸ்பர்க்

அதே மாதிரி வழி கிடையாது, தம்பி. அமெரிக்காவுக்குள் உரிமையாளர் நேராகத் தயாரிப்பாளருக்கு அனுப்பலாம், பழுது பார்த்ததும் அவர்கள் நேராக வீட்டுக்கே திருப்பலாம், நடுவில் டீலர் தேவையில்லை. அது உள்நாட்டு ஏற்பாடு. இங்கே உங்கள் ரிவால்வர் நாட்டை விட்டுப் போனால் அது ஏற்றுமதி, திரும்பி வந்தால் இறக்குமதி. 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி இரண்டுக்கும் பர்மிட் வேண்டும். அந்தப் பக்கம் அமெரிக்காவுக்குள் நுழையவும், மறுபடி வெளியே வரவும் அவர்களுடைய சட்டம் தனி. பெட்டி ஒன்று, காகிதம் நாலு பக்கத்துக்கும்.

போகிற வேலையோ ஒரு சின்ன வளையமோ, ஒரு விரல் நீள இரும்புத் துண்டோதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

முதலில் அளந்து பாருங்கள். வெளிச்சத்தில் சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணால் ஒரு முறை, சுண்டுவிரலால் ஒரு முறை பாருங்கள். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். பிறகு மார்க்கரால் அறைகளுக்கு 1 முதல் 6 வரை எண் போடுங்கள். சிலிண்டர் மேல் கட்டைவிரலை லேசாக அழுத்தி உராய விட்டுக்கொண்டே ஹேமரை மெதுவாக இழுங்கள். ஹேமர் முழுதாக நிற்பதற்கு முன்பே சிலிண்டரைப் பூட்டுகிற ஸ்டாப் அதன் பள்ளத்தில் விழ வேண்டும். ஆறு அறைக்கும் மும்மூன்று முறை செய்து, எது விழுகிறது, எது விழவில்லை என்று எழுதுங்கள்.

மார்ச் 5, மாரிட்ஸ்பர்க்

நேற்று எழுதியதில் ஒரு தவறு. காலி அறைகளோடு சோதிக்கச் சொன்னேன். பழைய ஸ்மித்தில் எக்ஸ்ட்ராக்டர் ஸ்டார், அதாவது சிலிண்டரின் பின்னால் கூடுகளை வெளியே தள்ளுகிற நட்சத்திரத் தகடு, தன் இடத்தில் ஒரு மயிரளவு அசையும். அறைகளில் கூடுகள் இருக்கும்போது அவற்றின் விளிம்பு ஸ்டாரை நகர விடாமல் பிடித்துக்கொள்ளும். காலியாக இருந்தால் ஸ்டார் பின்வாங்கி, நல்ல ரிவால்வரும் 'தாமதம்' என்று காட்டும். அதனால் ஆறு அறையிலும் டோப்பியை, அதாவது சுட்டு முடித்த வெற்றுக் கூட்டைப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் ப்ரைமரில் (கூட்டின் அடியிலுள்ள தீமூட்டியில்) ஊசிக்குழி இருக்கிறதா என்று பார்த்த பிறகே போடுங்கள். ஸ்னாப் கேப் (பொய்த் தோட்டா) கிடைத்தால் இன்னும் நல்லது.

இந்த ஒரே காரணத்தால் கம்பெனிக்குப் போய் 'பழுது எதுவும் இல்லை' என்று திரும்பி வருகிற ரிவால்வர்கள் உண்டு.

மார்ச் 5, டோங்காட்

சிலிண்டரைச் சுற்றித் தள்ளுகிற ஹேண்ட் தேய்ந்திருக்கும். கொஞ்சம் நீளமான ஹேண்ட் போட்டால் சரியாகிவிடும். கம்பெனி எதற்கு?

மார்ச் 5, மாரிட்ஸ்பர்க்

அண்ணா, நீங்கள் சொல்வது கோல்ட் கம்பெனி ரிவால்வருக்கான வைத்தியம். பழைய கோல்ட்டில் ட்ரிகரை அழுத்திப் பிடிக்கும்வரை ஹேண்ட் சிலிண்டரை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே நிற்கும், அதனால் பூட்டிய நிலையில் துளியும் ஆடாது. ஹேண்டின் நீளம் அங்கே உயிர். தேய்ந்தால் சுத்தியலால் மெல்லத் தட்டி நீட்டுவார்கள்.

ஸ்மித்தில் கடைசித் தள்ளலில் ஹேண்ட் ஸ்டாரிலுள்ள ராட்செட் பல்லின் பக்கவாட்டில் உரசிக் கடந்து போகிறது. சிலிண்டரை மிச்ச தூரம் நகர்த்துவது அதன் தடிமன்தான். தேய்ந்தால் அடுத்த தடிமன் ஹேண்ட் போட வேண்டும். நீட்டி ஒன்றும் ஆகாது. பூட்டிய பிறகு ஸ்மித் சிலிண்டர் பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், அது பழுது ஆகாது. கோல்ட் வைத்திருப்பவர் ஸ்மித்தைக் கையில் எடுத்தால் முதலில் முகம் சுளிப்பது இதற்குத்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆறு அறையும் தாமதம் என்றால் சந்தேகம் ஹேண்ட் மேல். இரண்டு மட்டும் தாமதம் என்றால் அந்த இரண்டு பல் மேல், அல்லது அழுக்கின் மேல். தடிமன் ஹேண்ட் போட்டால் அந்த இரண்டும் சரியாகும், நன்றாக இருந்த நாலும் இறுகிக்கொள்ளும். அப்புறம் அந்த நாலு பல்லையும் நுண்ணரத்தால் ஒவ்வொன்றாகச் சீவ வேண்டும். தெரிந்த கை செய்தால் ஒரு மாலை வேலை. தெரியாத கை செய்தால் புது ஸ்டார்.

மார்ச் 6, மாரிட்ஸ்பர்க்

அழுக்கு என்று ஒரு வார்த்தையில் விட்டுவிட்டேன்.

ஸ்டாரைப் பின்னால் தள்ளி அதன் அடியில் பாருங்கள். எரியாத வெடிமருந்துத் துணுக்கு நாலைந்து அங்கே ஒட்டியிருந்தால் போதும், ஸ்டார் முழுதாக உட்காராது, சிலிண்டர் சுற்றவே கனமாகும். காய்ந்த பல் துலக்கும் பிரஷ், ஒரு மரக்குச்சி, அவ்வளவுதான். எண்ணெய் விடாதீர்கள், அடுத்த துணுக்கு அதில்தான் ஒட்டும். டோப்பிகளை வெளியே தள்ளும்போது பேரல் வாய் வானத்தைப் பார்க்கட்டும். துணுக்குகள் கூடுகளோடு கீழே விழும், ஸ்டாருக்கு அடியில் தங்காது.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை தோல் உறை. சேஃபுக்குள் ரிவால்வரைத் தோல் உறையிலேயே மாதக்கணக்கில் வைத்தால் தோல் ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும். மரப்பிடியைக் கழற்றினால் அடியில் காவி நிறத்தில் ஒரு கோலம் இருக்கும். மேலே மினுக்கம் குறையாமலே உள்ளே இது நடக்கும். அதற்கு மேல் யாராவது துருநீக்கித் தெளிப்பானை உள்ளே அடித்திருந்தால், அது காய்ந்து பழுப்புப் பிசினாகி, ட்ரிகரைத் திருப்பித் தள்ளுகிற ரீபவுண்ட் ஸ்லைடு சரியாக நகராமல் ட்ரிகர் சோம்பலாகத் திரும்பும். அதைப் பார்த்து 'ஸ்பிரிங் போச்சு' என்பார்கள். ஸ்பிரிங் நன்றாகவே இருக்கும்.

மார்ச் 6, சாட்ஸ்வொர்த்

சைட் பிளேட்டை (பக்க மூடியை) திறந்து உள்ளே துடைக்கலாமா?

மார்ச் 6, மாரிட்ஸ்பர்க்

கன்ஸ்மித்தை (துப்பாக்கி பழுது பார்ப்பவரை) பார்க்கப் போகிறீர்கள் என்றால் திறக்க வேண்டாம். திறந்தே தீருவேன் என்றால் இவற்றைத் தெரிந்துகொண்டு திறங்கள்.

வீட்டு ஸ்க்ரூடிரைவர் ஆப்பு வடிவம். பள்ளத்தின் மேல் விளிம்பை மட்டும் பிடித்து, அங்கேயே தின்றுவிடும். பள்ளத்தின் அகலம், தடிமன் இரண்டுக்கும் பொருந்துகிற, இரு பக்கமும் இணையாகத் தீட்டிய பிட் வேண்டும். முன்பக்கத்து ஸ்க்ரூ யோக்கை, அதாவது சிலிண்டரைத் தாங்கி வெளியே திறக்கிற கையைப் பிடிக்கிறது. அதன் நுனி அந்த ரிவால்வருக்கென்றே அளவெடுத்தது. மற்றவற்றோடு கலந்தால் சிலிண்டர் இறுகும், அல்லது யோக் முன்னும் பின்னும் ஆடும். ஒரு அட்டையில் ரிவால்வர் படம் வரைந்து ஸ்க்ரூக்களை அந்தந்த இடத்தில் குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

பிளேட்டை நெம்பவே கூடாது. பிடிக்கட்டைகளைக் கழற்றி, பிளேட் மேலே இருக்கும்படி பிடித்து, பிடிச்சட்டத்தைப் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுங்கள். அதிர்விலேயே பிளேட் மெல்ல எழும்பி வரும். கூடவே ஒரு மெல்லிய வளைந்த தகடு நழுவும். அது ஹேமர் பிளாக், ரிவால்வர் கீழே விழுந்தாலும் ஹேமர் ப்ரைமரைத் தொடாமல் தடுப்பது. திரும்ப மூடும்போது அதை மேசையிலேயே மறந்துவிட்டால் ரிவால்வர் எப்போதும் போலச் சுடும். அதுதான் பயங்கரம், குறை எங்கும் தெரியாது.

மார்ச் 8, சாட்ஸ்வொர்த்

பிளேட்டைத் தொடவில்லை. ஸ்டாருக்கு அடியில் பிரஷ் போட்டேன், ஒரு சிட்டிகை கருப்புத் தூள் வந்தது. டோப்பி போட்டுச் சோதித்தேன். இப்போது 4-ஆம் அறை மட்டும் தாமதம், மூன்று முறையும் அப்படியே.

மார்ச் 8, மாரிட்ஸ்பர்க்

பாதி நோய் பிரஷ்ஷிலேயே போயிற்று. கம்பெனிக்கு அனுப்பியிருந்தால் அந்தச் சிட்டிகைத் தூளுக்கும் ஏற்றுமதிப் பர்மிட் வாங்கியிருப்பீர்கள்.

இனி எண்ட் ஷேக், அதாவது சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிற அளவு. மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வால்வ் இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜ் கிடைக்கும். சிலிண்டர் முகத்துக்கும் பேரல் பின்முனைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை இரண்டு முறை அளக்க வேண்டும். சிலிண்டரைப் பின்னால் தள்ளிப் பிடித்து ஒரு முறை, முன்னால் தள்ளிப் பிடித்து ஒரு முறை. எந்தத் தகடு லேசாக உரசிக்கொண்டு நுழைகிறதோ அதுதான் அளவு, அழுத்தி நுழைக்காதீர்கள். முதலில் பேரல் பின்முனையில் ஒட்டிய ஈயத்தைச் சுரண்டிவிடுங்கள், இல்லையென்றால் ஈயத்தைத்தான் அளப்பீர்கள்.

இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் எண்ட் ஷேக். 0.025 முதல் 0.075 மில்லிமீட்டர் வரை கவலையில்லை. 0.15-க்கு மேல் போனால் சுடுவதை நிறுத்துங்கள். பின்னால் தள்ளி அளந்த இடைவெளி 0.10 முதல் 0.25 வரை இருக்கலாம்.

மார்ச் 9, டோங்காட்

கம்பெனி லைஃப்டைம் வாரண்டி என்று போட்டிருக்கிறதே? இலவசமாகச் செய்து தரமாட்டார்களா?

மார்ச் 9, மாரிட்ஸ்பர்க்

அந்த ஆயுள் சேவை 1989 பிப்ரவரிக்குப் பிறகு வாங்கப்பட்டவற்றுக்கு, அதுவும் முதலில் வாங்கியவருக்கு. 10-5 வந்தது 1962-இல். பேரலின் வேருக்கு மேலே ஃப்ரேமில் குறுக்காக ஒரு பின் தெரியும், பாருங்கள். அந்தப் பின் வைக்கும் முறையை 1982-இல் கைவிட்டார்கள். இத்தனை பழசுக்குக் காசு கொடுத்தால் பார்ப்பார்கள், உதிரிபாகம் இருந்தால் மட்டும். பின் துளைக்கு வெட்டுள்ள பழைய பேரல் இன்னும் அலமாரியில் இருக்கும் என்று யாரும் நம்பி அனுப்ப வேண்டாம்.

கம்பெனியைக் குறை சொல்லவில்லை. 1852 முதல் இருக்கும் கம்பெனி, 2023-இல் தலைமையகம் ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து டென்னசிக்குப் போனது. அறுபது வருஷத்துக்கு முந்தைய எல்லா அளவு ஹேண்டையும் யார் சேர்த்து வைப்பார்கள்?

மார்ச் 9, சாட்ஸ்வொர்த்

பின்னால் 0.23, முன்னால் 0.13.

மார்ச் 9, மாரிட்ஸ்பர்க்

எண்ட் ஷேக் 0.10. இரண்டு வரம்புக்கும் நடுவில் நிற்கிறது. 4-ஆம் அறைத் தாமதத்துக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். சிலிண்டர் முன்னால் நழுவினால் ராட்செட் பல் ஹேண்டை விட்டு விலகும், தள்ளல் குறையும். அதனால் எப்போதும் எண்ட் ஷேக் முதலில், டைமிங் அப்புறம். வரிசை மாறினால், தாமதத்தைச் சரிசெய்யத் தடிமன் ஹேண்ட் போட்டு, பிறகு எண்ட் ஷேக்கைச் சரிசெய்ய, அந்த ஹேண்ட் இறுகி உட்காரும். ஒரே வேலைக்கு இரண்டு தரம் கூலி.

வைத்தியம் சின்னது. 0.05 மில்லிமீட்டர் எஃகு வளையம் ஒன்று, சிலிண்டருக்குள் யோக் குழாயின் முனை முட்டுகிற இடத்தில் போட வேண்டும். யோக் குழாயையே உருட்டி நீட்டுகிற பழைய முறையும் உண்டு, அதற்குத் தனிக் கருவி வேண்டும். வளையம் போட்டதும் முன்னால் 0.18, பின்னால் அதே 0.23. பின்னால் தள்ளி அளந்தது மாறாது என்பதைக் கவனியுங்கள். வளையம் சிலிண்டர் முன்னால் போவதைத்தான் தடுக்கும்.

உங்களுக்குப் பின்னால் தள்ளி அளந்ததே 0.30-க்கு மேல் இருந்திருந்தால் கதை வேறு. பேரலைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். உங்கள் ரிவால்வர் கே ஃப்ரேம் (நடுத்தர அளவுச் சட்டம்). அதன் பேரல் திருகில் அங்குலத்துக்கு 36 சுற்று. முன் சைட் மறுபடி நேராக நிற்க வேண்டுமென்றால் ஒரு முழுச் சுற்று உள்ளே போக வேண்டும், அதாவது 0.7 மில்லிமீட்டர். அந்தப் பின்னைத் தட்டி எடுத்து, பேரல் தோளை லேத்தில் 0.7 வெட்டி, பின்னுக்கான வெட்டைப் புதிதாகப் போட்டு, பின்முனையை இடைவெளிக்கேற்பச் சீவி, ஃபோர்சிங் கோனை (பேரல் பின்முனையின் உட்கூம்பை) மறுபடி வெட்டி, கூடுகளை வெளியே தள்ளுகிற எஜெக்டர் ராடின் முனையையும் அதே அளவு குறைக்க வேண்டும். இதில் ஒன்றை மறந்தாலும் வேலை கெடும்.

மார்ச் 10, மாரிட்ஸ்பர்க்

எஜெக்டர் ராட் என்றதும் ஞாபகம். சிலிண்டர் திடீரென்று திறக்க மறுத்தால் பல நேரம் அந்த ராட் தன் திருகில் கழன்று நீண்டிருப்பதுதான். இறுக்கும்போது எந்தப் பக்கம் சுற்றுவது என்று பாருங்கள். 1960 வாக்கில் கம்பெனி வலத்திருகை இடத்திருகாக மாற்றியது. 10-5 இடத்திருகு. வழக்கப்படி வலப்பக்கம் முறுக்கினால் இன்னும் கழலும், 'இறுகவே மாட்டேன் என்கிறது' என்று இன்னும் முறுக்கினால் ராட் கோணும். டோப்பி போட்டுக்கொண்டு, ராடைத் தோல் சுற்றிப் பிடித்துச் செய்ய வேண்டும். காலி அறையோடு முறுக்கினால் முழு விசையும் ஸ்டாரின் சின்னப் பின்கள் மேல் விழும்.

மார்ச் 11, ஃபீனிக்ஸ்

அப்பா வைத்திருந்தது ரூகர் கம்பெனியின் பிளாக்ஹாக் ரிவால்வர், பழைய மாடல். கம்பெனி இலவசமாக மாற்றித் தருவதாகச் சொல்கிறார்கள். அதுவும் வீண் வேலையா?

மார்ச் 11, மாரிட்ஸ்பர்க்

அது வேறு. ஃப்ரேமின் பக்கத்தில் மூன்று ஸ்க்ரூ இருந்தால் பழைய மாடல், 1973-க்கு முந்தியது. ஹேமர் முழுதாகக் கீழே இருக்கும்போது ஃபயரிங் பின் தோட்டா மேல் நிற்கிறது. கீழே விழுந்தால் வெடிக்கலாம். அதனால் ஐந்து மட்டும் போட்டு, காலி அறை மேல் ஹேமரை இறக்கி வைப்பது வழக்கம். கம்பெனி டிரான்ஸ்ஃபர் பார் என்ற பாதுகாப்புத் தகடு வைத்து இலவசமாக மாற்றித் தருகிறது, கழற்றிய அசல் பாகங்களையும் உங்களுக்கே திருப்பி அனுப்பும். ஆனால் அதைத் தங்கள் தொழிற்சாலையில்தான் பொருத்துவார்கள், உதிரியாகக் கையில் தரமாட்டார்கள். அனுப்புவதில் அர்த்தம் இருக்கிற ஒரே வேலை என்றால் இதுதான். இங்கிருந்து அனுப்புவதா, ஐந்து தோட்டாவோடு நிறுத்துவதா என்றால் நான் ஐந்தோடு நிறுத்தச் சொல்வேன்.

மாற்றினால் அசல் பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள். சேகரிப்பவர்கள் முதலில் கேட்பது அந்தப் பொட்டலத்தைத்தான்.

இன்னொன்று, ஃபீனிக்ஸ் தம்பி. 'வைத்திருந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா பெயரில் இருந்த லைசன்ஸ் உங்களுக்குச் செல்லாது. உங்கள் பெயரில் காம்பிடன்சியும் (தகுதிச் சான்றும்) லைசன்ஸும் வரும்வரை கம்பெனி, கன்ஸ்மித் பேச்சே வேண்டாம். முதலில் போலீஸ் ஸ்டேஷனில் டி.எஃப்.ஓ.வை (துப்பாக்கி லைசன்ஸ் அதிகாரியை) பாருங்கள்.

மார்ச் 12, டோங்காட்

பிடியடியில் 'வி' எழுத்தும், யூ-வுக்குள் அம்புக்குறியும் இருக்கிற ஸ்மித் ஒன்று உண்டு. இதற்கு என்ன வைத்தியம்?

மார்ச் 12, மாரிட்ஸ்பர்க்

விக்டரி மாடல், இரண்டாம் உலகப் போர்க்கால ஸ்மித். அம்புக்குறி பொதித்த யூ நம் பழைய தென்னாப்பிரிக்க யூனியன் அரசின் உடைமைக் குறி. இதில் மட்டும் தோட்டாவைக் கவனியுங்கள், அண்ணா. பிரிட்டிஷ் தரப்புக்காக வந்தவை .38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்கானவை. போருக்குப் பிறகு பலவற்றின் அறையை நீளமாகக் குடைந்து .38 ஸ்பெஷல் போகும்படி செய்தார்கள். நீளம் சரியாயிற்று, அகலம் பழையதே. ஸ்பெஷலின் கூடு மெலிசு, அந்த அறையில் தளர்ந்து உட்கார்ந்து, சுட்டதும் வயிறு உப்பி வரும், சிலது நெடுக்காகக் கிழியும். ஒரு டோப்பியை எடுத்து அடிப்பக்கம் ஒருபுறம் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். புடைத்திருந்தால் அது சுவரில் மாட்டுகிற பொருள்.

'எஸ்' சேர்ந்து 'எஸ்வி' என்று இருந்தால் புது ஹேமர் பிளாக் உள்ளது. வெறும் 'வி' பழைய வகையாக இருக்கலாம், அதில் ஆறையும் நிரப்பாதீர்கள். போர்க்காலத்தில் கப்பலில் ஒன்று கீழே விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்த பிறகுதான் அந்த பிளாக்கே மாறியது.

வெப்லி என்ற பழைய பிரிட்டிஷ் ரிவால்வர் என்றாலும் கம்பெனியைத் தேட வேண்டாம். கன்ஸ்மித்தோடு நிறுத்துங்கள்.

மார்ச் 14, மாரிட்ஸ்பர்க்

சாட்ஸ்வொர்த் தம்பி கன்ஸ்மித்திடம் போகும் முன் காகித வேலை.

பதிவு பெற்ற கன்ஸ்மித்தாக இருக்க வேண்டும். ரிவால்வரை முழுதாக மறைத்து, உங்கள் கைக்கெட்டும் கட்டுப்பாட்டிலேயே கொண்டு போங்கள், காரில் விட்டுவிட்டு ரொட்டி வாங்க இறங்காதீர்கள். அசல் லைசன்ஸ் கையில், நகல் அவருக்கு. அவருடைய ரிஜிஸ்டரில் உங்கள் ரிவால்வர் ஏறியதைக் கண்ணால் பார்த்து, தேதியும் சீரியல் எண்ணும் போட்ட ரசீது வாங்குங்கள். இடையில் யாராவது 'எங்கே உன் துப்பாக்கி' என்று கேட்டால் பதில் அந்த ரசீதுதான்.

லைசன்ஸ் தேதியைப் பாருங்கள். 13-ஆம் பிரிவு, தற்காப்பு என்றால் ஐந்து வருஷம். முடிவதற்கு 90 நாள் முன்பே புதுப்பிக்க மனு போட வேண்டும். வேலை இழுத்தடித்து அந்தத் தேதி தாண்டினால் ரிவால்வர் சரியாகி வரும், நீங்கள் சிக்கலில் இருப்பீர்கள்.

பேரலை மாற்றச் சொன்னால் அங்கேயே நில்லுங்கள். சட்டப்படி பேரல் முக்கிய பாகம், அதற்குத் தனியாக அனுமதி, காகிதம். ஹேண்ட், ஸ்பிரிங், வளையம் அப்படி இல்லை.

அவருக்கு ஒரு தாளில் இதை மட்டும் எழுதிக் கொடுங்கள்: மாடல் (யோக்கைத் திறந்தால் ஃப்ரேம் வெட்டில் அடித்திருக்கும்), சீரியல் எண், 4-ஆம் அறை தாமதம், டோப்பி போட்டுச் சோதித்தது, இடைவெளி 0.13 / 0.23. கீழே பெரிதாக: பாலிஷ் போட வேண்டாம், நீலம் ஏற்ற வேண்டாம், கழற்றிய பாகம் திருப்பித் தரவும். மரப்பிடி விலை உயர்ந்தது என்றால் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு ரப்பர் பிடி மாட்டிக் கொடுங்கள். 'கொஞ்சம் பார்த்துத் தாருங்கள்' என்று மட்டும் சொன்னால் அவர் பார்ப்பார், பில்லும் போடுவார்.

ஏப்ரல் 2, சாட்ஸ்வொர்த்

வந்துவிட்டது. ஒரே வளையம். முன்னால் 0.18, பின்னால் 0.23. ஆறு அறையும் விழுகிறது. ஹேண்டைத் தொடவே இல்லை. ஆனால் ஒன்று, இரண்டு தரம் ப்ரைமரில் அடி லேசாக விழுந்தது, வெடிக்கவில்லை.

ஏப்ரல் 2, மாரிட்ஸ்பர்க்

வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்காதீர்கள், பேரலை மணல்மேட்டுப் பக்கமே வைத்து முப்பது எண்ணிவிட்டுத் திறங்கள்.

பிடியின் முன்பக்கம் அடியில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, சில பிடிகளுக்குள் மறைந்திருக்கும், ஸ்ட்ரெய்ன் ஸ்க்ரூ. மெயின் ஸ்பிரிங்கை வளைத்து நிறுத்துவது அதுதான். பிடி மாற்றும்போது தளர்ந்திருக்கும். கடைசி வரை இறுக்குங்கள், பாதியில் நிற்கக்கூடிய ஸ்க்ரூ இல்லை அது. இறுக்கிய பிறகும் அடி லேசாக விழுந்தால், முன்னொரு காலத்தில் யாரோ ட்ரிகரை மென்மையாக்குகிறேன் என்று அதன் நுனியை அரத்தால் தேய்த்திருப்பார்கள். புது ஸ்க்ரூ போடுங்கள்.

ஏப்ரல் 3, சாட்ஸ்வொர்த்

முக்கால் சுற்று இறுகியது. இருபத்துநாலு போட்டேன், இருபத்துநாலும் வெடித்தது.